சத்தம் போடாத பின் பிரேக்

என்னோடு வேலை பார்த்து, இப்போது எங்கள் போக்குவரத்துத் துறையில் மூத்த ஆய்வாளராக இருக்கும் கவிதா, போன மாதம் கைபேசிக்கு ஒரு வீடியோ அனுப்பினார். மோட்டார் சைக்கிளின் பின் பிரேக்கை வீட்டிலேயே கழற்றிச் சுத்தம் செய்து மாட்டுவது எப்படி என்று ஒரு தம்பி தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து செய்துகாட்டுகிறார். "சார், இதுல ஏதாவது விட்டுட்டாரா பாருங்க" என்று கேட்டிருந்தார் கவிதா. இனி வண்டிகளை மெஷினே சோதித்து மதிப்பெண் போடப்போகிறதாம். சக்கரத்தைக் கழற்றவே தெரியாத ஆய்வாளர்கள் வரப்போகிறார்கள் என்று அவருக்குக் கவலை.

தம்பி நன்றாகத்தான் செய்கிறார். நடு ஸ்டாண்டு போட்டு, பெடலையும் சக்கரத்தையும் இணைக்கும் பிரேக் ராடின் நட்டைக் கழற்றி, சக்கரத்தின் அச்சான ஆக்ஸிலை உருவி, சக்கரத்தைச் சாய்த்து எடுக்கிறார். சக்கரத்தின் நடுவே கிண்ணம் மாதிரி இருக்கும் டிரம்முக்குள் உள்ள தூசியை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கிறார். அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது என்று சொல்லவும் செய்கிறார். பிறை மாதிரி இருக்கும் இரண்டு பிரேக் ஷூக்களையும் உப்புத்தாளால் தேய்த்து மினுமினுப்பைப் போக்குகிறார். பெடலை மிதித்தால் திரும்பி ஷூக்களை விரிக்கிற இரும்புத் துண்டுக்குக் கேம் என்று பெயர். அதற்குக் கிரீஸ் வைக்கிறார். இதுவரைக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எனக்கு எரிச்சல் வந்தது அதற்குப் பிறகுதான். கிரீஸ் வைத்த அதே விரலால் ஷூவின் மேல்பக்கத்தைப் பிடித்து மாட்டுகிறார். டிரம்மில் உராய்ந்து சக்கரத்தை நிறுத்துவதே அந்த மேல்பக்கத்து லைனிங்தான். அதில் பிசுக்கு பட்டால் பிரேக் இருந்தும் இல்லாத மாதிரி. மாட்டி முடித்தவர் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டுப் பெடலை அமுக்குகிறார், சக்கரம் நிற்கிறது, அவர் சிரிக்கிறார், வீடியோ முடிந்தது. ஆறிக் கிடக்கும் பிரேக் நிற்பதில் என்ன இருக்கிறது? ஆளில்லாத ரோட்டில் மெதுவாக ஓட்டி, பத்து இடத்தில் மிதித்து, டிரம் சூடேறின பிறகும் பிடிக்கிறதா என்று பார்த்தால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். இதைக் கவிதாவுக்குக் கொஞ்சம் கோபமாகவே எழுதி அனுப்பினேன். "ஏன் சார் இம்புட்டுக் கோவம்?" என்று பதில் வந்தது. அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

என் உத்தியோகத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் மோட்டார் வாகன ஆய்வாளர். ஜனங்கள் வைத்த பெயர் பிரேக் இன்ஸ்பெக்டர். விருதுநகரில் நான் ஒரு கல்யாணத்துக்குப் போனால், மண்டபத்து வாசலில் நின்ற வேன்கள் ஒவ்வொன்றாகப் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும். பந்தியில் எனக்கு எதிரே யாரும் உட்கார மாட்டார்கள். மாமியார் வீட்டிலேயே என் மச்சினர் தன் ஸ்கூட்டரை மாட்டுத்தொழுவில் மறைத்து வைத்திருந்தார். வண்டிக்குத் தகுதிச் சான்று கொடுப்பதும் லைசென்சுக்கு எட்டுப் போடச் சொல்வதும்தான் எங்கள் வேலை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். யாராவது ரோட்டில் செத்துப்போனால் அந்த வண்டியைக் கழற்றிப் பார்த்து, விபத்து வண்டியின் கோளாறால் நடந்ததா இல்லையா என்று எழுதிக் கொடுப்பதும் நாங்கள்தான். அந்த வேலையை யாரும் விரும்பிச் செய்வதில்லை. நானும் விரும்பவில்லை.

டிப்ளமோ படித்து, ஒரு பஸ் கம்பெனியின் பட்டறையில் சில வருஷம் கரி பூசிக்கொண்டு, பரீட்சை எழுதித் தேறி, இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஆரம்ப ஆண்டுகளில் விருதுநகர்ப் பக்கம் பணிக்கு வந்தேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதற்கு மேல் ஒன்றுமில்லை. அங்கே எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் சண்முகையா. ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். குள்ளமான ஆள், எப்போதும் முழுக்கைச் சட்டை, பையில் ஒரு வெள்ளைத் துண்டு. அந்தத் துண்டு முகம் துடைக்க அல்ல. கழற்றும் ஒவ்வொரு சாமானையும் கழற்றிய வரிசையில் அதன்மேல் அடுக்குவார். வேலை முடிந்ததும் எதிர்வரிசையில் எடுத்து மாட்டுவார். நட்டோ வாஷரோ மிச்சம் இருந்ததை நான் பார்த்ததே இல்லை.

காவல் நிலையத்துக்குப் போனால் யாரோடும் பேசமாட்டார். கும்பிட்டால் திரும்பக் கும்பிடுவார், அவ்வளவுதான். நேராக வண்டியிடம் போய் சக்கரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். புதிதில் எனக்கு அது நாடகமாகப் பட்டது. ஒருமுறை ஆலங்குளம் பக்கம் சிமென்ட் ஏற்றிப்போன ஒரு லாரி விபத்தில் சிக்கியது. நான் முந்திக்கொண்டு டிரைவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவன் தேம்பித் தேம்பி அழுதபடி பிரேக் பிடிக்கவேயில்லை என்று சொன்னான். எனக்கும் மனசு இளகிவிட்டது. அதற்குப் பிறகு என்ன பார்த்தாலும் பிரேக் பிடிக்காத வண்டியாகவே தெரிந்தது. சண்முகையா கழற்றிப் பார்த்தார். எல்லாச் சக்கரத்திலும் பிரேக் கச்சிதமாகப் பிடித்தது. டிரைவர் தூங்கியிருக்கிறான்.

"ஆளோட பேசிட்டு வண்டியைப் பாத்தா, ஆளு சொன்னதுதாம்யா வண்டியில தெரியும். மொதல்ல வண்டி சொல்றதைக் கேளு" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. அறிக்கையில் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதி நிறுத்தமாட்டார். எது கெட்டிருந்தது என்று எழுதினால், பக்கத்தில் எது கெடாமல் இருந்தது என்பதையும் எழுதவேண்டும். யாரும் அதைப் படிக்கப்போவதில்லை என்று நான் முணுமுணுப்பேன். "என்னைக்காவது ஒருத்தன் கேப்பான். அன்னைக்கு நீ யோசிச்சுப் பதில் சொல்லக் கூடாது, பாத்துப் பதில் சொல்லணும்" என்பார்.

அப்படி ஒருவர் கேட்ட வழக்கைத்தான் சொல்ல வந்தேன்.

அது தீபாவளிக்கு முந்திய சீசன். சிவகாசியைச் சுற்றிலும் லோடு லாரிகளும் வேன்களும் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும் காலம். விஸ்வநத்தத்தைச் சேர்ந்த மாரிமுத்து என்பவர் தன் மனைவி பேச்சியம்மாளைப் பின்னால் உட்காரவைத்து அவள் பிறந்த ஊருக்கு மோட்டார் சைக்கிளில் போயிருக்கிறார். பஜார் நெரிசலைத் தாண்டி ஊருக்கு வெளியே வந்தால் கண்மாய்க்கரை மேல் ஏறி இறங்கும் ரோடு. இறக்கம் முடிகிற இடத்தில், முன்னால் போன பட்டாசுக் கம்பெனி வேன் ஒன்று வலதுபக்கம் கம்பெனிப் பாதையில் திரும்பியது. மாரிமுத்து பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்காமல் வேனின் பக்கவாட்டில் போய் மோதியது. அவருக்குக் கை முறிந்தது. பேச்சியம்மாள் அங்கேயே இறந்துவிட்டாள்.

வேனை ஓட்டியவன் காளிராஜ் என்ற அச்சங்குளத்துப் பையன். கை காட்டித்தான் திரும்பினேன் என்றான். சிக்னல் போடாமல் திடீரென்று திரும்பினான் என்று மாரிமுத்து சொல்லியிருந்தார். பார்த்த சாட்சி வேறு யாரும் இல்லை. காளிராஜைக் கைது செய்து உள்ளே வைத்துவிட்டார்கள்.

நானும் சண்முகையாவும் நிலையத்துக்குப் போனபோது இரண்டு வண்டிகளும் முன்வாசலில் நின்றன. மாரிமுத்து கையில் கட்டோடு ஓரமாக நின்றார். காலில் செருப்பு இல்லை. அருகில் அவருடைய மகள் ஈஸ்வரி, கல்யாணமாகிக் கொஞ்ச நாளே ஆன பெண்.

"எங்கம்மாவைக் கொன்னவன் வெளிய வரக் கூடாது சார். நல்லாப் பாத்து எழுதுங்க" என்றாள்.

எஸ்.ஐ. எங்கள் பக்கத்தில் வந்து மெதுவாக, "பைக்குல பிரேக் நல்லா இருந்துச்சுன்னு போட்டுட்டீகன்னா கேஸ் சிக்கலில்லாமப் போயிரும்" என்றார்.

"வண்டி இன்னும் சொல்லி முடிக்கல. கொஞ்சம் பொறுங்க" என்றார் சண்முகையா.

வேனில் குறையே இல்லை. பக்கச் சிக்னல் விளக்கு எரிந்தது. பிறகு மோட்டார் சைக்கிளுக்கு வந்தோம். முன் பிரேக்கின் கேபிள் துருவேறி இறுகியிருந்தது. நெடுநாளாக யாரும் பிடித்ததே இல்லை. அது எனக்கு ஆச்சரியமில்லை. முன் பிரேக்கைப் பிடித்தால் ஆளைத் தூக்கி அடித்துவிடும் என்று நம்புகிறவர்கள் எங்கள் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர். அவர்களுக்குப் பிரேக் என்றால் காலுக்குக் கீழே இருப்பது ஒன்றுதான். பின் பெடலை அமுக்கினேன். அளவாகவே இறங்கியது. பிரேக் ராடின் நட் சரியான இடத்தில் உட்கார்ந்திருந்தது. அதன் மரைகளில் புழுதி இல்லை, சமீபத்தில் யாரோ கழற்றியிருக்கிறார்கள்.

ஆக்ஸிலை உருவும்போது அதன் முனையைப் பார்த்தேன். தெருவோர மெக்கானிக் கழற்றினால் இரும்புச் சுத்தியலால் தட்டித் தட்டி முனை சப்பிப்போயிருக்கும். இது சப்பவில்லை. முனையில் லேசாக மஞ்சள் தடம் இருந்தது. பித்தளை. சண்முகையா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் பித்தளைச் சுத்தியல் வைத்திருப்பவர்கள் யார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். பட்டாசு ஆலையில் வெடிமருந்து கலக்குகிறவர்களுக்கு இரும்பு ஆகாது. இரும்பில் இரும்பு பட்டால் பொறி பறக்கும், பறந்தால் அந்த அறையே இருக்காது. மரக்கரண்டி, பித்தளைச் சல்லடை, வெறுங்கால் என்றே வாழ்கிற ஆட்கள் அவர்கள்.

டிரம்மைத் திறந்தேன். உள்ளே மஞ்சள் நிறத்தில் புதுக் கிரீஸ். கேமிலும், அதற்கு எதிர்ப்பக்கத்தில் ஷூக்கள் ஊன்றி நிற்கும் இரும்பு முளையிலும் தாராளமாக வைத்திருந்தது. இரண்டு லைனிங்குகளின் ஓரங்களிலும் மெல்லிசாகத் தடவியிருந்தது. சூட்டில் அவ்வளவும் உருகி லைனிங் முழுக்கப் பரவி, டிரம்மின் உள்சுவர் எண்ணெய்ச் சட்டி போலப் பளபளத்தது. ஒரு தூசி இல்லை. ஸ்பிரிங்கின் கொக்கிகளைக்கூடத் துடைத்து வைத்திருந்தார்கள். இவ்வளவு அக்கறையாக ஒரு தப்பு செய்யப்பட்டதை அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை.

இந்த மாதிரி லைனிங்கில் கிரீஸ் இருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று பார்க்கவேண்டும். சக்கரத்தின் நடுவில் பேரிங் இருக்கிறது, அதற்கும் கிரீஸ் உண்டு. அது வெளியே வராமல் ஒரு ரப்பர் சீல் தடுத்துக்கொண்டிருக்கும். சீல் கிழிந்தால் பேரிங் கிரீஸ் ஒழுகி டிரம்முக்குள் வரும். அது வண்டியின் கோளாறு, யாருடைய தப்பும் இல்லை. சண்முகையா குனிந்து சீலை விரலால் தடவிப் பார்த்து, அந்த விரலை என்னிடம் காட்டினார். காய்ந்திருந்தது. உள்ளே பேரிங்கில் இருந்த கிரீஸ் பழசாகிக் கறுத்துக் கட்டியாக இருந்தது. டிரம்மில் இருந்தது வேறு, கையால் வைத்தது.

நிமிர்ந்தபோது மாரிமுத்துவின் முகத்தைப் பார்த்தேன். அவர் எங்களைப் பார்க்கவில்லை. வெள்ளைத் துண்டின்மேல் இருந்த இரண்டு ஷூக்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

மறுநாள் காலையில் விருதுநகரில் என் வீட்டு கேட்டுக்கு வெளியே மாரிமுத்து நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"சார், அந்தக் கிரீஸு பேரிங்குல இருந்து ஒழுகுச்சுன்னு எழுதிருங்க. ஒங்க கால்ல விழுறேன்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "யோவ், என்ன பேச்சுப் பேசுதீரு? பிரேக்குல போயி கிரீஸைத் தடவுவாகளா?" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "சத்தம் போட்டுச்சு சார். கிறீச்சு கிறீச்சுன்னு. எனக்கு ஒண்ணுமில்ல, அவளுக்குத்தான் ஆகாது. அவ முன்ன பட்டாசு ஆலையில திரி வெட்டுற ரூம்புல வேலை பாத்தா. அடுத்த ரூம்புல வெடிக்கிறதுக்கு முன்னால இப்படித்தான் ஒரு சத்தம் கேட்டுச்சாம், எதையோ தரையில இழுத்த மாதிரி. அந்த ரூம்புல இருந்த நாலு பேரும் போயிட்டாக. இவ வெளிய தண்ணி குடிக்கப் போயிருந்தா, தப்பிச்சா. அதுல இருந்து கிறீச்சுன்னு எங்கன சத்தம் கேட்டாலும் ஒடம்பு தூக்கிப்போடும். நான் பிரேக்கு அடிக்கும்போதெல்லாம் பின்னாடி இருந்து எந்திரிச்சுருவா சார். ஒருநா கீழ குதிக்கவே பாத்தா."

"கடையில குடுத்திருக்க வேண்டியதுதான?"

"எதுக்கு சார், எனக்குத் தெரிஞ்ச வேலைதான? எங்க மருந்து ரூம்புல கதவு கீல் முனகுச்சுன்னாக்கூட மொதல்ல கிரீஸ் வைப்போம், பெறகுதான் உள்ள போவோம். காஞ்சது காஞ்சதுல ஒரசக் கூடாது. இருபது வருசமா அதத்தான் சொல்லிச் சொல்லி வளத்திருக்காக. இதுவும் அப்படித்தான்னு நெனச்சேன். மாட்டிட்டு ஓட்டிப் பாத்தேன், பூ மாதிரி நின்னுச்சு. சத்தமே இல்ல. 'இப்பத்தான் எனக்கு உசுரு வந்துச்சு'ன்னு சொன்னா."

பிரேக் என்பதே காய்ந்ததும் காய்ந்ததும் உராய்வதுதான். அவருடைய ஆலையில் எது சாவோ, அதுதான் வண்டியில் உயிர். அதை அவருக்கு யாரும் சொன்னதில்லை. சீசன் நெரிசலில் பஜார் முழுக்கப் பின் பிரேக்கை மட்டுமே மிதித்துக்கொண்டு வந்திருக்கிறார். டிரம் கொதித்திருக்கும். கண்மாய் இறக்கத்துக்கு வந்தபோது உள்ளே எல்லாம் எண்ணெயாகியிருக்கும்.

"வேன்காரப் பையன் கை காட்டினானா?" என்று கேட்டேன்.

அவர் தரையைப் பார்த்தார். "ஈஸ்வரிக்கு மட்டும் தெரியக் கூடாது சார். அவ ஆத்தாவை நாந்தான் கொன்னேன்னு தெரிஞ்சா எம் மொகத்துல முழிக்க மாட்டா. எனக்கு வேற யாரு இருக்கா? நீங்களே சொல்லுங்க."

அவர் போனபிறகு நான் சாப்பிடவில்லை. அலுவலகத்துக்குப் போய் சண்முகையாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த மனுஷன் பாவம் என்றும் சொன்னேன். அவர் பேனா மூடியைத் திருகி மூடினார்.

"உள்ள இருக்கானே, அந்த வேன்காரப் பயலுக்கும் ஒரு ஆத்தா இருப்பால்ல?" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். நான் அறிக்கை எழுதினேன். பின் பிரேக் செயல்திறன் இல்லை, லைனிங்குகளில் கிரீஸ் படிந்திருந்தது, கிரீஸ் புதியது. பிறகு சண்முகையாவின் பழக்கப்படி, பேரிங் சீல் பழுதின்றிக் காய்ந்த நிலையில் இருந்தது என்றும் எழுதினேன். யார் வைத்த கிரீஸ் என்று படிவத்தில் எந்தக் கட்டமும் கேட்கவில்லை. நானும் எழுதவில்லை.

போலீசார் அந்த அறிக்கையை முழுதாகப் படித்ததாகத் தெரியவில்லை. காளிராஜ் மேல்தான் குற்றப்பத்திரிகை போனது. அவன் ஜாமீனில் வந்தான், ஆனால் எந்தக் கம்பெனியும் அவனை வேலைக்கு வைக்கவில்லை. வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. அதற்குள் சண்முகையா ஓய்வு பெற்றுவிட்டார். நான் சாட்சிக் கூண்டில் ஏறினபோது என்னோடு துணைக்கு யாரும் இல்லை.

அன்றைக்கு நீதிமன்ற வராந்தாவில் முதலில் பார்த்தது ஈஸ்வரியை. இடுப்பில் ஒரு குழந்தை. எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்ற காளிராஜைப் பார்த்து, "எங்காத்தாவைத் தின்னுட்டு நிக்கியே, நீ நல்லா இருப்பியாலே?" என்று கத்திக்கொண்டிருந்தாள். வாய்தாவுக்கு வாய்தா இப்படித்தானாம். அவன் தலை குனிந்து நின்றான். அவன் பக்கத்தில் நின்ற வயதான அம்மா மட்டும் ஈஸ்வரியைப் பார்த்துக் கும்பிட்டபடி இருந்தாள். மாரிமுத்து தன் சாட்சியத்தை ஏற்கனவே சொல்லி முடித்திருந்தார். வேன் திடீரென்று திரும்பியது என்று. அவரிடம் பிரேக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவர் உள்ளே கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். ஈஸ்வரி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அரசு வழக்கறிஞர் என்னிடம் வேனைப் பற்றிக் கேட்டு முடித்தார். காளிராஜின் வக்கீல் எழுந்தார். இளைஞர், ஆனால் என் அறிக்கையைக் கடைசி வரி வரை படித்திருந்தார்.

"லைனிங்கில் கிரீஸ் இருந்தால் பிரேக் பிடிக்குமா?"

"ஆறியிருக்கும்போது ஓரளவு பிடிக்கும். சூடேறினால் பிடிக்காது."

"அந்தக் கிரீஸ் பேரிங்கிலிருந்து ஒழுகியிருக்கலாம் அல்லவா?"

உண்மையைச் சொன்னால், அந்தக் கேள்வியில் எனக்கு ஒரு வழி திறந்தது. இருக்கலாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். காளிராஜும் தப்புவான், வண்டிக் கோளாறு என்று ஆகிவிடும், மாரிமுத்துவும் தப்புவார். அந்த ஒரு நிமிஷம் எனக்கு அதன்மேல் அவ்வளவு ஆசை வந்தது. ஆனால் காய்ந்த சீலைத் தடவிய அந்த விரல் என் கண்முன் நின்றது. பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இல்லை. சீல் நன்றாக இருந்தது. கிரீஸ் கையால் வைத்தது" என்றேன்.

"யார் வைத்தது என்று உங்களுக்குத் தெரியுமா?"

அரசு வழக்கறிஞர் ஆட்சேபம் சொல்ல எழுந்தார். சத்தியம் செய்துவிட்டு நிற்கிறேன், தெரியாது என்று சொல்ல முடியாது. தெரியும் என்றால் அடுத்து பெயரைச் சொல்லவேண்டும். அந்தப் பெயருக்குரியவர் மகளோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். நான் வாயைத் திறக்கும் முன் பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது.

"ஐயா, நாந்தாங்கய்யா. நாந்தான் தடவுனேன். அந்தப் பையன் கை காட்டித்தான் திரும்புனான். எனக்குத்தான் வண்டி நிக்கல" என்றார் மாரிமுத்து.

நடுவர் அவரை உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை. ஈஸ்வரி அவர் முகத்தை அண்ணாந்து பார்த்தபடி இருந்தாள். குழந்தை அவள் சங்கிலியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

காளிராஜ் பிற்பாடு விடுதலையானான். மாரிமுத்து மேல் புதிதாக யாரும் வழக்குப் போடவில்லை. சட்டப்படி அதோடு முடிந்தது.

நான் வெளியே வந்தபோது அப்பாவும் மகளும் வராந்தாவின் கடைசியில் நின்றார்கள். அவர்களைத் தாண்டித்தான் நான் போகவேண்டும்.

"எதுக்குப்பா செஞ்சீக? ஒங்களுக்கு எதுக்கு அந்த வேலை?" என்று ஈஸ்வரி கேட்டுக்கொண்டிருந்தாள். அழுகை கூட இல்லை, குரல் கம்மிப்போயிருந்தது.

பேச்சியம்மாளின் பயத்தைப் பற்றி இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொன்னால் அவர் பாரம் கொஞ்சமாவது குறையும், மகளுக்கும் புரியும். அவர் சொல்லவில்லை.

"சும்மாதான் தாயி. வண்டி சுத்தமா இருக்கட்டுமேன்னு கழட்டுனேன்" என்றார்.

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, காளிராஜும் அவன் அம்மாவும் நின்ற பக்கமாகப் போனாள். அவனுக்கு முன்னால் போய் நின்றாள். அந்த அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாரிமுத்து அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் அவர் அருகில் போனேன். ஏன் மகளிடம் காரணத்தைச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"செத்துப்போனவளுக்காகத்தான் செஞ்சேன்னு சொல்லவா சார்? அவ என்ன செஞ்சா, பாவம். பயந்தா. அம்புட்டுத்தான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அரசாங்க உத்தியோகத்தில் இருந்த காலம் முழுக்க வெளியிடத்தில் நான் அழுதது அன்றைக்கு மட்டும்தான். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டதும் அவர் கேட்டார்.

"சார், ஒண்ணு கேக்கணும். நான் அதைக் கழட்டாம அப்படியே, அந்தச் சத்தத்தோடயே விட்டிருந்தேன்னா, அன்னைக்கு வண்டி நின்னிருக்குமா?"

என்னென்னமோ சொல்லியிருக்கலாம். இறக்கம், பாரம், வேன் இருந்த தூரம், எதை வேண்டுமானாலும் காட்டி, சொல்ல முடியாது என்று மழுப்பியிருக்கலாம். அவரை வேறு எல்லோரும் அப்படித்தான் சமாதானப்படுத்தியிருப்பார்கள். ஆனால் அந்த லைனிங்கில் இன்னும் பாதி கனம் மிச்சம் இருந்தது. நான் அளந்து பார்த்திருந்தேன். தூசி படிந்ததால் வந்த சத்தமாகத்தான் அது இருக்கும். அப்படிச் சத்தம் போட்ட பிரேக் நன்றாகப் பிடிக்கிற பிரேக்.

"நின்னிருக்கும்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கட்டுப் போட்டு வளைந்தே சேர்ந்திருந்த கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரிங்க சார். நீங்களும் பொய் சொல்லிருவீகளோன்னு பயந்துக்கிட்டேதான் கேட்டேன்" என்றார்.